அந்தச் சாலையை யாருக்காகப் போட்டார்கள்?

சென்ற அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கே உள்ள செம்பாறை நாட்டை ஒரே நாளில் காரில் சுற்றி வந்தோம். அன்று மதியம் சாப்பிட நின்ற இடத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைத்தவுடன் உறவினர்களுக்குச் சில படங்களை அனுப்பினேன். எல்லாரும் ஒருமனதாகப் பாராட்டியது அவற்றில் ஒன்றைத்தான். சிவந்த நிலத்தின் நடுவே தார்ச்சாலை ஒன்று நேராக இறங்கிப் போகிறது. வெகு தொலைவில் குன்றுகள் நிழலுருவாக நிற்கின்றன. மேலே பொட்டு மேகம் இல்லாத வானம். அனுப்புவதற்கு முன்னால் அந்தப் படத்தின் ஓரத்தை விரலால் இழுத்து வெட்டியிருந்தேன். வெட்டிய பகுதியில் சாம்பல் பூத்தாற்போல ஒரு மேடு இருந்தது. அதன் சரிவு அளவுகோல் வைத்துச் சீவியது போலிருந்தது. உச்சி தட்டையாக இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. காட்சியோடு ஒட்டவில்லை, அதனால் வெட்டினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அது என்னவென்று தெரிந்தது. ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. அந்த நாளில் பார்த்த மற்ற எல்லாம் மனத்தில் நன்றாகவே இருக்கின்றன. அந்த வெட்டு மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் கணவரிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரே வாக்குவாதம் திரும்பத் திரும்ப வருகிறது. அது இன்னும் தீரவில்லை.

சாலையைப் பார்க்கிறவர்

அன்று வண்டியில் மூன்று பேர் இருந்தோம். கணவர் ஓட்டினார், அவருடைய அப்பா முன் இருக்கையில் இருந்தார், நான் பின்னால். மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் அவர் கண்ணில் முதலில் படுவது சாலைதான். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, பாலத்தடியில் குழாய் எத்தனை, வளைவில் வெளிவிளிம்பை எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மலையையும் மரத்தையும் பார்ப்பார். ப்ளஃப் என்ற சிற்றூரிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். சான் ஹுவான் ஆற்றங்கரையில் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகப் பழுத்து நின்றன. சிறிது தூரத்தில் கோம் ரிட்ஜ் வந்தது. ஏறத்தாழ 80 மைல் நீளத்துக்குத் தரையிலிருந்து சாய்ந்தெழும் பாறை முதுகு அது. 163ஆம் எண் நெடுஞ்சாலை அதைக் குறுக்கே பிளந்துகொண்டு போகிறது. மாமா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். வெட்டிய பாறை முகத்தில் கையை வைத்து, வெடி வைப்பதற்காகத் துளைத்த தடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இதை உடைக்கிறதுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்!" என்றார். நான் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிச் சூரிய உதயத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து 'வேலி ஆஃப் தி காட்ஸ்' பள்ளத்தாக்குக்குள் திரும்பினோம். 17 மைல் மண்சாலை. நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசல் என்று ஒன்றுகூட இல்லை. மழை பெய்தால் சேறாகிப் போக முடியாது என்பதால் முந்தின நாளே வானிலையைப் பார்த்து வைத்திருந்தோம். காய்ந்த ஓடைகளில் இறங்கி ஏறும் அந்தச் சாலையில் முதல் ஒரு மணி நேரத்துக்கு வேறொரு வண்டியையும் நாங்கள் பார்க்கவில்லை. இருபுறமும் தனித்தனியாக நிற்கும் குன்றுகள் ஒவ்வொன்றும் கோபுரம்போல, கப்பல்போல, முக்காடிட்ட கிழவிபோலத் தோன்றின. மணற்கல்லின் ஒவ்வொரு மணியையும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் போர்த்தியிருப்பதால்தான் இந்தச் சிவப்பு என்று படித்திருக்கிறேன். ஆனால் காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தச் சிவப்பு பாறையிலிருந்து வருவதாகத் தோன்றுவதில்லை. காற்றிலேயே கலந்திருப்பதுபோல் இருக்கிறது.

ஓரிடத்தில் இறங்கி நடந்தபோது, பாதைக்கு வெளியே கால் வைக்கப் போன என்னைக் கணவர் தடுத்தார். குனிந்து பார்த்தால் மண்ணின் மேல் கருமையாக, சிறு சிறு மேடுகளாக, கருகிய தோசை விளிம்புபோல் ஒரு பொருக்கு. அது உயிருள்ளது. நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும் பாசிகளும் பூஞ்சைகளும் மண்துகள்களை இழைகளால் கட்டிக் காற்றும் நீரும் அரிக்காமல் காக்கின்றன. ஒரு காலடி பட்டால் அது பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குப் பிறகு மூவரும் பாறை மீதும் ஓடை மணல் மீதும் மட்டுமே நடந்தோம். அந்தப் பொருக்கைக் காப்பாற்றியதில் எனக்கு ஒரு மனநிறைவு இருந்தது. இந்த நிலத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்த அமைதியில் எனக்குத் தோன்றியது 'பாலை' என்ற சொல்தான். நம் மரபில் பாலைக்கென்று சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அது பாலை. எயினரும் மறவரும் அங்கே வாழ்ந்தார்கள் என்றாலும், பாட்டின் கண் பெரும்பாலும் அவர்கள் மீது இருப்பதில்லை. பொருள் தேடி அந்த வழியே கடந்து போகிறவன் மீதும், அவனை நினைத்து வீட்டில் காத்திருப்பவள் மீதும்தான் இருக்கும். பாலை என்றால் கடப்பதற்கான நிலம் என்றே நான் படித்து வளர்ந்திருக்கிறேன். அன்று காலை நான் இருந்ததும் அதே நிலையில்தான். ஆளில்லாத நிலம், அதில் கடந்து போகும் நாங்கள். அந்தத் தனிமையை அழகு என்று நினைத்தேன். அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

மோக்கி டக்வே

பள்ளத்தாக்கின் மேற்கு முனையில் 261ஆம் எண் சாலை வருகிறது. அங்கிருந்து வடக்கே பார்த்தால் செங்குத்தான பாறைச் சுவர் ஒன்று வானத்தை மறைத்து நிற்கிறது. சாலை அதை நோக்கிப் போகிறது. எங்கே திரும்பும் என்று தெரியவில்லை. பக்கத்தில் போன பிறகுதான், சுவரின் மேலேயே கீறல்போல் ஒரு தடம் வளைந்து வளைந்து ஏறுவது தெரிகிறது. மோக்கி டக்வே என்பது அதன் பெயர். 3 மைல் தூரத்துக்குத் தார் முடிந்து சரளை தொடங்குகிறது. 11 சதவீத ஏற்றம், அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள், 1,100 அடிக்கு மேல் உயரம், பெரும்பாலான இடங்களில் ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை. 28 அடிக்கு மேல் நீளமோ 10,000 பவுண்டுக்கு மேல் எடையோ உள்ள வண்டிகள் ஏற வேண்டாம் என்று அரசு அறிவுறுத்துகிறது.

கணவர் வண்டியைத் தாழ்ந்த கியரில் மெல்ல ஏற்றினார். நான் கீழே பார்க்காமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி வளைவுகளைப் பார்த்தார். இரண்டாவது வளைவு தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் இருந்தால் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். உச்சிக்கு வந்து ம்யூலி பாயின்ட்டுக்குப் போகும் மண்சாலையில் திரும்பி, மேட்டின் விளிம்பில் இறங்கி நின்றோம். கீழே சான் ஹுவான் ஆறு அறுத்த பிளவுகள். அதற்கும் அப்பால், தெற்கு அடிவானத்தில், மான்யுமென்ட் வேலியின் குன்றுகள் பல் வரிசைபோல் நீலமாகத் தெரிந்தன. நானும் கணவரும் மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டோம். மாமா வந்த வழியைப் பார்த்தபடி நின்றார்.

"இது ஜனங்க போய்வரப் போட்ட சாலை இல்லைம்மா," என்றார். "மேலே ஊரு எதுவும் இல்ல, கீழேயும் பெருசா எதுவும் இல்ல. இவ்வளவு பெரிய சுவத்தை வெடி வெச்சு உடைக்கணும்னா எவ்வளவு செலவு! ஊருக்குப் போற சாலைன்னா பத்து மைல் சுத்தியாவது சரிவான இடமாப் பாத்துப் போட்டிருப்பாங்க. இது ஏதோ கனமான பொருளை மேலேயிருந்து கீழே இறக்க, அவசரமாப் போட்ட சாலை. யாருக்காகப் போட்டாங்க?"

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கைப்பேசியில் தேடலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. "சுற்றுலாவுக்குத்தான் போட்டிருப்பார்கள், மாமா. இந்தக் காட்சிக்காகவே எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுத்து எதுவும் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்லும்போது அது சரியான பதில் என்றே நம்பினேன். காட்சிக்காக வந்தவளுக்கு, எல்லாச் சாலையும் காட்சிக்காகப் போட்டதாகத்தான் தெரிகிறது.

இறங்கி வந்து கூஸ்நெக்ஸ் பூங்காவில் சிறிது நேரம் நின்றோம். நேராகப் போனால் ஒன்றரை மைல் என்ற தூரத்தைக் கடக்க, ஆறு 1,000 அடி ஆழத்தில் 6 மைல் வளைந்து போகிறது. சமவெளியில் சோம்பி வளைந்து ஓடிய ஆறு அது. அடியிலிருந்த நிலம் எழ எழ, தன் வளைவுகளை விடாமலேயே பாறையை அறுத்து இறங்கியிருக்கிறது. பிறகு தொப்பி வடிவப் பாறையால் பெயர்பெற்ற மெக்சிகன் ஹாட்டைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தோம். ஆற்றுக்குத் தெற்கே நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலம். தங்கள் மொழியில் அவர்கள் தங்களைத் தினே என்கிறார்கள். பாலம் தாண்டிய சிறிது தூரத்தில் வண்டியை நிறுத்தி, முதலில் சொன்ன அந்தப் படத்தை எடுத்தேன். அந்த மேட்டை மாமாவும் பார்த்தார். "யாரோ கட்டியிருக்காங்க," என்று மட்டும் சொன்னார்.

விதை மணிகள்

மான்யுமென்ட் வேலியை அந்த மக்களின் தன்னாட்சி அமைப்பான நவஹோ நாடே ஒரு பழங்குடிப் பூங்காவாக நடத்துகிறது. ஆளுக்கு 8 டாலர் கொடுத்து உள்ளே போனால், குன்றுகளுக்கிடையே 17 மைல் மண்சாலையில் நாமே வண்டியை ஓட்டிக்கொண்டு சுற்றி வரலாம். பள்ளமும் மணலுமான சாலை அது. அங்கே காட்சிமுனைகளில் சிலர் சிறு மேசை போட்டு நகைகள் விற்கிறார்கள். அப்படி ஒரு மேசைக்குப் பின்னால், எழுபது வயதிருக்கும், ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஊதா நிறச் சட்டையும் கணுக்கால்வரை பாவாடையும் அணிந்திருந்தார். கையில் ஊசியும் நூலும்.

மேசையில் நீலக்கல் பதித்த வெள்ளி நகைகள் இருந்தன. எனக்குப் பிடித்தது பழுப்பு நிற மணிகள் கோத்த ஒரு மாலை. விலை கேட்டேன். அவர் ஒரு மணியை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பட்டாணியைவிடச் சிறியது, ஒரு முனை வெளிர், மறுமுனை கருஞ்சிவப்பு, மேலே நுண்ணிய வரிகள். ஜூனிப்பர் மரத்தின் விதை அது. ஒரு முனையில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதை எறும்பு தின்று செய்த துளை என்றார். உள்ளே இருக்கும் பருப்பை எடுப்பதற்காக எறும்பு விதையின் முனையைக் கடித்துத் திறக்கிறது. எறும்புப் புற்றுகளின் அருகே இவற்றைப் பொறுக்கி எடுத்து, மறுமுனையில் மட்டும் துளையிட்டுக் கோக்கிறார்கள். கெட்ட கனவுகளிலிருந்தும் தீய ஆவிகளிலிருந்தும் காக்கும் என்பது நம்பிக்கை. அந்த ஒரு மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலையில் நான் வெறும் செடி என்று கடந்து வந்த மரங்களின் விதை.

மாமாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், கூச்சம்தான். அவர் என்னிடம், மேலே அந்தச் சுவர்ச் சாலையை யாருக்காகப் போட்டார்கள் என்று இவரிடம் கேளேன் என்றார். கேட்டேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

தாது ஏற்றிய லாரிகளுக்காக என்றார். வடக்கே ஒயிட் கேன்யன் என்ற பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு யுரேனியச் சுரங்கம் இருந்தது. அங்கிருந்து தாதுவை அந்தச் சுவர் வழியாக இறக்கி, மெக்சிகன் ஹாட்டுக்கு எதிரே ஹால்சீட்டாவில் இருந்த ஆலைக்குக் கொண்டு வந்தார்கள். "வரும் வழியில் மேடு ஒன்றைப் பார்த்திருப்பீர்களே? ஆலையின் கழிவு அதற்குள் இருக்கிறது," என்றார். பிறகு எதிரே நின்ற பெரிய குன்றின் பக்கம் திரும்பினார். தினே மக்கள் விரலை நீட்டிக் காட்டுவதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். உதட்டைச் சற்றே குவித்து, முகவாயை உயர்த்திக் காட்டினார். "அந்த உச்சியில், தொப்பிபோல் ஒரு அடுக்கு தெரிகிறதா? அந்த அடுக்கில்தான் என் அப்பா வேலை செய்தார். இந்தக் குன்றில் இல்லை. அந்தப் பக்கத்து மேட்டில். அடுக்கு ஒன்றுதான்."

நான் அதுவரை அந்தக் குன்றுகளின் செங்குத்துச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காட்டிய பிறகுதான் உச்சியைப் பார்த்தேன். விரல் அகலத்துக்கு, சிவப்பிலிருந்து வேறுபட்டு, மங்கலாக ஒரு கோடு. அவர் அப்பா வெடி வைத்த புகை அடங்குவதற்குள் மறுபடி உள்ளே அனுப்பப்பட்டார். சுரங்கச் சுவரில் கசிந்த குளிர்ந்த நீரைக் குடித்தார். அந்தப் புழுதி படிந்த உடுப்போடு வீட்டுக்கு வந்து குழந்தைகளைத் தூக்கினார். நுரையீரல் நோயில் இறந்தார். இதையெல்லாம் அவர் குரல் உயர்த்தாமல், நூலில் அடுத்த மணியைக் கோத்தபடியே சொன்னார். வீட்டுக்குத் தண்ணீரை இன்னமும் தொட்டியில் வண்டியேற்றித்தான் கொண்டு வருகிறோம் என்றும் சொன்னார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மாமாதான் இரண்டு கைகளையும் கூப்பினார். அவர் தலையசைத்தார். மாலையை வாங்கிக்கொண்டோம். உங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

உச்சி அடுக்கு

ஊர் திரும்பிய பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றில் என்னை உலுக்கியது அந்த அடுக்கின் கதைதான். அதன் பெயர் ஷினாரம்ப். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே ஓடிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்லும் மணலும் இறுகியது. குன்றுகளின் அடியில் இருப்பது மெத்தென்ற களிப்பாறை. நடுவில் செங்குத்தாக நிற்பது டி ஷே மணற்கல். உச்சியில் இந்தக் கடினமான தொப்பி. அடியிலிருக்கும் களிப்பாறை கரையக் கரைய, மணற்கல் பலகை பலகையாகப் பிளந்து விழுகிறது. அதனால்தான் சுவர் எப்போதும் செங்குத்தாகவே இருக்கிறது. மேலிருந்து மழை கரைத்துவிடாமல் காப்பது தொப்பி. அது தேய்ந்த இடங்களில் குன்று மெலிந்து தூணாகிறது, தூண் ஒருநாள் விழுகிறது. நாம் பார்க்கப் போகும் அழகு நிற்பதே அந்த அடுக்கால்தான். அதே பழைய ஆற்றுப் படுகைகளில் அடித்து வரப்பட்ட மரங்களும் இலைகளும் மக்கிக் கிடந்தன. நிலத்தடி நீரில் கரைந்து வந்த யுரேனியம் அந்த மக்கலைச் சந்தித்த இடத்தில் கரைசலிலிருந்து பிரிந்து படிந்தது. தாது தேடி வந்தவர்கள் அந்தப் படுகைகளைத்தான் துளைத்தார்கள்.

அப்போது நாட்டின் யுரேனியத்தை வாங்கிய ஒரே கை அமெரிக்க அரசுடையது, அணுகுண்டுக்காக. 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் தாதுவை எடுத்தார்கள். 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கைவிட்டுப் போனார்கள். ஐரோப்பியச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்க்கும் கதிரியக்கத்துக்கும் உள்ள தொடர்பு அதற்கு முன்பே பேசப்பட்டிருந்தது. 1950-இல் அரசின் சுகாதாரத் துறை இங்குள்ள தொழிலாளர்களை ஆராயத் தொடங்கியது; ஆனால் ஆபத்தை அவர்களிடம் சொல்லவில்லை. 1990-இல் நாடாளுமன்றம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. 2005-இல் நவஹோ நாடு தன் நிலத்தில் யுரேனியச் சுரங்கத்தையே தடை செய்தது.

மாமாவின் கேள்விக்கான விடையும் கிடைத்தது. மோக்கி டக்வேயை 1958-இல் டெக்சஸ் ஸிங்க் என்ற சுரங்க நிறுவனம் போட்டது. ஹாப்பி ஜாக் சுரங்கத்தின் தாதுவை ஹால்சீட்டா ஆலைக்குக் கொண்டுவருவதற்காக. ஆலை 1957 முதல் 1965 வரை ஓடியது. மான்யுமென்ட் வேலியைப் பூங்காவாக அறிவித்ததும் அதே 1958-இல்தான். பார்க்க வருகிறவர்களுக்கு வாசல் திறந்த ஆண்டும், தாது லாரிகளுக்குச் சுவரை உடைத்த ஆண்டும் ஒன்று.

அந்த மேட்டைப் பற்றி மாமாவுக்குத் தொலைபேசியில் விவரமாகப் படித்துக் காட்டினேன். ஹால்சீட்டா ஆலையின் கழிவோடு, மான்யுமென்ட் வேலிப் பக்கம் இருந்த இன்னோர் ஆலையின் கழிவு மண்ணையும் கொண்டுவந்து சேர்த்து மூடியிருக்கிறார்கள். மேலே களிமண், அதன் மேல் கல் அடுக்கு. மழைநீர் உள்ளே இறங்கக் கூடாது, ராடான் என்ற கதிரியக்க வாயு வெளியே வரக் கூடாது, சரிவு அரிக்கக் கூடாது. என் கண்ணை உறுத்திய அந்தச் சீரான சரிவுக்கு இதுதான் காரணம். இப்படிப்பட்ட மேடுகள் முடிந்தவரை 1,000 ஆண்டுகளும், எப்படியும் 200 ஆண்டுகளும் தாங்க வேண்டும் என்பது விதி. மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, உள்ளே இருக்கிற பொருள் எத்தனை ஆண்டில் அடங்கும் என்று கேட்டார். அதிலுள்ள ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் என்றேன். "நாங்க போட்ட சாலைக்கு இருபது வருஷம்தாம்மா கணக்கு," என்றார்.

என் கணவருடன் ஓயாத வாக்குவாதம் இங்கேதான் தொடங்குகிறது. அவர் கேட்பது இதுதான்: அந்தப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவானவை, அவற்றின் முன்னால் நாற்பது ஆண்டுச் சுரங்கம் எம்மாத்திரம்? பார்த்தோம், மனம் நிறைந்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்த நிறைவைக் குறைத்துக்கொள்வதால் யாருக்கு என்ன நன்மை? அவர் அக்கறையில்லாதவர் அல்லர். அந்த மாலையின் விலைக்கு மேல் நாங்கள் கொடுக்க முயன்று, அந்த அம்மா மறுத்தபோது, என் கணவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். இயற்கையை அதன் பெரிய காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், மனிதர் செய்த தீங்கை அதன் மேல் பூசக் கூடாது என்பது அவர் கட்சி. அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் நாற்பது ஆண்டு என்பது அந்தப் பெண்மணியின் அப்பாவுக்கு வாழ்நாள் முழுவதும். கோடி ஆண்டுக் கணக்கை நான் எடுத்துக்கொண்டால், என் கண்ணிலிருந்து முதலில் மறைகிறவர் அவர்தான்.

அழகு குறைந்ததா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். குறையவில்லை. முன்பு நான் பார்த்தது செந்நிறச் சுவரை மட்டும். இப்போது அந்தக் குன்றை நினைத்தால் உச்சிக் கோடும் சேர்ந்தே வருகிறது. குறைந்தது வேறொன்று: இந்த நிலம் யாரும் இல்லாதது என்று நான் காலையில் அடைந்த இன்பம். 1864-இல் தினே மக்களைப் பட்டாளம் ஊரைவிட்டு ஓட்டி, 300 மைலுக்கு மேல் நடக்க வைத்துக் கிழக்கே அடைத்து வைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1868-இல் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் திரும்பி வந்தது இந்த வறண்ட நாட்டுக்குத்தான். நான் கடப்பதற்கான நிலம் என்று நினைத்தது, அவர்கள் அழுது கேட்டுத் திரும்பப் பெற்ற வீடு. பொருக்கின் மேல் கால் படாமல் நடக்கத் தெரிந்த எனக்கு, அந்த மேடு என்னவென்று கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். மாமாவுக்குக் கேட்கத் தோன்றியது. சாலை போட்டவர் என்பதால், சாலைக்கு ஒரு காரணம் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை குன்றுகளின் நிழல் மணலில் நீண்டு ஒன்றோடொன்று தொடும்வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம். திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. சாலையோரம் மேய்ந்த மாடுகள் வெளிச்சத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஹால்சீட்டா நெருங்கும்போது முழுதும் இருட்டிவிட்டது. வீடுகளின் ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. ஒரு வாசலில் யாரோ வண்டியிலிருந்து பிளாஸ்டிக் கலன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சங்களுக்கு அப்பால், வானத்தைவிடக் கருப்பாக, தட்டையான ஒரு விளிம்பு தெரிந்தது. மாமா நிறுத்தச் சொன்னார். கணவர் வேகத்தைக் குறைத்து ஓரம் தேடினார். அந்த இருட்டில் வண்டியை ஒதுக்கும் இடம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. மாமா கழுத்தைத் திருப்பி, அந்த விளிம்பு மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ஆற்றுப் பாலம் வந்துவிட்டது.